இருமத் தெரிந்தவன்

தள்ளி உக்கார வேணாம் சார். மூணு பேர் உக்கார்ற சீட்டுல ரெண்டு பேருதான் இருக்கோம், எடம் தாராளமா இருக்கு. நீங்க எடத்துக்காகத் தள்ளிப் போகல. ஏறுனதிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். மொதல்ல என் மூஞ்சியப் பார்த்தீங்க. போன்ல எதையோ தேடுனீங்க. மறுபடி மூஞ்சியப் பார்த்தீங்க. அப்புறம் கைக்குட்டைய எடுத்து மூக்குல வச்சீங்க. வேர்வையத் தொடைக்க எடுத்தேன்னு சொல்வீங்க. சொல்லுங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

ஆமா, அது நான்தான். சினிமாக் கொட்டகையில படம் போடுறதுக்கு முன்னாடி வருமே, கயித்துக் கட்டில்ல உக்காந்து இருமி இருமித் துண்டுல ரத்தம் கக்குவானே ஒருத்தன், அவன் நான்தான். பேரு வெள்ளைக்கண்ணு. நாடகத்துல பபூன். முப்பத்தோரு வருஷம் பபூன் வேஷம் கட்டியிருக்கேன். அது தெரிஞ்ச ஆளு இந்தப் பஸ்ல ஒருத்தன் இருக்க மாட்டான். ரெண்டு நிமிஷம் இருமுனது எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு டிபி கிடையாது. வந்ததும் கிடையாது. இந்தா பாருங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். சளி டெஸ்ட், எக்ஸ்ரே ரெண்டும் எடுத்தது. வேர்வையில நைஞ்சு போவுதுன்னு லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன். வாங்கிப் படிங்க. வாங்க மாட்டீங்களா? சரி, நானே பிடிச்சுக்கிறேன், தூரத்திலேருந்தே படிங்க. கடைசி வரி. கிருமி இல்லன்னு போட்டு, டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி. உங்ககிட்ட இந்த மாதிரி ஒண்ணு இருக்கா? இல்லல்ல. அப்ப நியாயப்படி நான்தான் சார் உங்களை விட்டுத் தள்ளி உக்காரணும்.

புதுக்கோட்டைக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? நானும் அங்கதான். இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன், இன்னைக்கு எனக்கு மனசு அப்படி இருக்கு.

கொரோனாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து நாலு பேரு எங்க நாடக நடிகர் சங்கத்துக்கு வந்தாங்க. டிபியப் பத்தி ஒரு சின்னப் படம் எடுக்கிறோம், இருமத் தெரிஞ்ச நடிகர் வேணும்னாங்க. எட்டுப் பேர வரிசையா நிக்க வச்சு இருமச் சொன்னாரு டைரக்டர். தாடி வச்ச ஒல்லி ஆளு. ராஜபார்ட்டு ஒருத்தர் இருமுனாரு, தொண்டையில மீன்முள்ளு மாட்டுன மாதிரி இருந்துச்சு. இன்னொருத்தன் இருமுனா தும்முற மாதிரி இருக்கு. கடைசியா நான் இருமுனேன். அந்தத் தாடிக்காரரு எந்திரிச்சுப் போயி ஜன்னலத் தொறந்து விட்டாரு. அதை நான் கண்ணால பார்த்தேன் சார். ஒரு நடிகனுக்கு அதுக்கு மேல என்ன விருது வேணும்.

எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாரு. அது எங்க பெரியப்பா இருமல். எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது அவருக்கு இந்த வியாதி வந்து, மாட்டுக்கொட்டகையில கொண்டு போயிப் போட்டாங்க. கஞ்சித் தட்டை வாசல்ல வச்சுட்டு, பெரியப்பான்னு ஒரு குரல் கொடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காம ஓடியாரணும், அதுதான் என் வேலை. ஓடியாந்து செவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்பேன். எங்க ஆரம்பிக்கும், எங்க மூச்சு அறுவும், கடைசியில ஒரு சின்ன விசில் மாதிரி எப்படி அடங்கும், எல்லாம் மனப்பாடம். ஆறு மாசம் கேட்டேன். அப்புறம் கேக்கல. என்ன சனங்க சார் அது. பெத்த புள்ளைங்ககூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. படிப்பு கிடையாது, ஈவு இரக்கம் கிடையாது. அது வேற காலம்.

படம் மொத்தம் நாலு நிமிஷம். அதைத் தெரிஞ்சுக்கங்க. மொத ரெண்டு நிமிஷம் இருமல், ரத்தம். பீட்ரூட்டை அரைச்சு வெல்லப்பாகுல கலந்து கொடுத்தாங்க. அடுத்த ரெண்டு நிமிஷம் நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், ஆறு மாசம் மாத்திரை சாப்பிடுறேன், கடைசியில ஒரு புள்ளைய சைக்கிள் பார்ல உக்கார வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறேன். அந்தச் சைக்கிளுக்கு மட்டும் ஒரு நாள் பூரா வெயில்ல மிதிச்சேன். ஆனா நாலு நிமிஷம் நீளமா இருக்குன்னு எவனோ பாதியில வெட்டிட்டான். எவன் வெட்டுனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒருத்தனைக் கேட்டா இன்னொருத்தனைக் கை காட்டுறான். ஊரு உலகத்துக்கு நான் குணமாகவே இல்ல சார். இருமிக்கிட்டேதான் இருக்கேன்.

மொத வாரம் எங்க வீட்டுக்காரி சிந்தாமணியையும் மக செண்பகத்தையும் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரிய திரையில நம்ம மூஞ்சி, விடுவமா? நான் இருமுனதும் முன் சீட்டுல இருந்து ஒருத்தன் திருப்பி இருமுனான். கொட்டகையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பபூன்தானே. வெளிய வரும்போது சிந்தாமணி சொன்னா, "நல்லாப் பண்ணியிருக்கீங்க. பார்க்கத்தான் பயமா இருக்கு." அவ அப்படித்தான், எதையும் முழுசாப் பாராட்ட மாட்டா.

அப்புறம் கொரோனா வந்துச்சு. எந்தப் பொறம்போக்கோ என் இருமலை வெட்டி எடுத்து, குத்துப் பாட்டு மெட்டுப் போட்டு வாட்ஸப்புல விட்டுட்டான். இருமலுக்கு ஒரு அடி, ரத்தத்துக்கு ஒரு அடி. நீங்க தேடுனது அதுதானே? உங்க போன்லயும் இருக்கும். எங்க தெருவுலயே வாண்டுங்க அதுக்கு ஆடுச்சுங்க. டீக்கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸு, எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. ஏன்யான்னு கேட்டேன். "எல்லாருக்கும் பேப்பர் கப்புதாண்ணே, உங்களுக்கு மொதல்ல ஆரம்பிச்சிருக்கோம்"ங்கிறான்.

ஊரடங்கு முடிஞ்சு மொத நாடகம், ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. நான் மேடைக்கு வந்தேன். பபூன் வந்ததும் சனம் சிரிக்கும், கை தட்டும், அது வழக்கம். அன்னைக்கு மொத வரிசையில ஒருத்தன் இருமுனான். பக்கத்துல இருந்தவன் இருமுனான். அப்படியே பின்னால போவுது சார், வயக்காட்டுல தீப்பிடிச்ச மாதிரி. ஐநூறு பேரு ஒண்ணா இருமுறாங்க. பொம்பளைங்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டு இருமுறாங்க. முப்பத்தோரு வருஷம் நான் சிரிக்க வச்ச சனம். என்னால வசனத்தைத் தொடங்கவே முடியல. ஹார்மோனியக்காரர் பெட்டிய ரெண்டு அடி அந்தப் பக்கம் நகர்த்தி வச்சுக்கிட்டாரு. அவரு என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவரு. அதுக்கப்புறம் என்னை யாரும் நாடகத்துக்குக் கூப்பிடல. இப்ப ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருக்கேன். அங்கயும் மாஸ்க் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்றாங்க. வியாதிக்கு இல்ல. மூஞ்சி தெரியக் கூடாதாம்.

செண்பகத்தைப் பொண்ணு பார்க்கக் கறம்பக்குடியில இருந்து வந்தாங்க. சிந்தாமணி தண்ணி கொண்டாந்து வச்சா. யாரும் தொடல. மாப்பிள்ளையோட அம்மா நேரடியாக் கேட்டுச்சு, "உங்களுக்கு அந்த நோவு இப்ப எப்படி இருக்கு?" நடிப்புங்கன்னேன். "நடிப்புன்னா ரத்தம் எப்படி வரும்"னு கேக்குது. இந்த ரிப்போர்ட்டு அப்ப எடுத்ததுதான். ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "நல்லா இருக்கீங்க ஐயா, எதுக்கு டெஸ்ட்டு"ன்னுச்சு. எனக்காக இல்லம்மா, ஊருக்காகன்னேன். அதைக் கொண்டு போயிக் காட்டுன பொறகுதான் தட்டு மாத்துனாங்க. தையில நிச்சயம், சித்திரையில கல்யாணம்.

மாசியில சிந்தாமணி இரும ஆரம்பிச்சா.

நல்லாக் கவனிங்க சார். வீட்டுல ஒருத்திக்கு இருமல் வரக் கூடாதான்னு நீங்க கேக்கலாம். வரலாம், யாரு வேணாங்கிறது. அந்த மூணு மாசம் பார்த்து வரணுமா? ரெண்டு வாரம் ஆச்சு, மூணு வாரம் ஆச்சு, நிக்கல. சாயங்காலம் ஆனா உடம்பு காயுது. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேங்க"ன்னா. உனக்கு என்ன கூறு கெட்டுப் போச்சாடின்னு கேட்டேன். நான் ஒருத்தன் பொய்யா இருமுனதுக்கே குடும்பம் சந்தி சிரிக்குது. நீ நெசமா இருமிக்கிட்டு அந்த வரிசையில போயி நின்னா, பார்க்கிறவன் என்ன சொல்வான்? அன்னைக்கே கறம்பக்குடிக்குச் சேதி போயிரும். கல்யாணம் முடியட்டும்னேன். அவளும் பேசாம இருந்தா. அவளுக்கும் அது புரிஞ்சுச்சுல்ல? நான் மட்டுமா முடிவு பண்ணுனேன்? மெடிக்கல்ல சொல்லிச் சிரப்பு வாங்கிக் கொடுத்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு பாட்டில். செலவைப் பார்க்கிற ஆளு இல்ல நான்.

அதுமட்டும் இல்ல. சத்தம் இல்லாம எப்படி இருமுறதுன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது ஒரு வித்தை சார். இருமல் வரப் போகுதுன்னு நெஞ்சுல ஒரு அரிப்பு எடுக்கும் பாருங்க, அப்பவே மூச்சை உள்ளயே கட்டிறணும். நாக்கை மேலண்ணத்துல ஒட்ட வச்சு, அடிவயித்தை உள்ள இழுத்து, கண்ணை மூடாம எச்சியை மூணு தடவை முழுங்கணும். கண்ணை மூடுனா பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சிரும். மேடையில பின்பாட்டுக்காரனுக்கு இருமல் வந்தா நாங்க இப்படித்தான் பண்ணச் சொல்வோம். தினமும் அடுப்படியில நிக்க வச்சுப் பழக்குனேன். மொதல்ல வரல அவளுக்கு. கண்ணுல தண்ணி வந்துரும். அப்புறம் பழகிட்டா. என்கிட்ட பாடம் கேட்டவங்க யாரும் சோடை போனது இல்ல.

கல்யாணத்தன்னைக்கு நீங்க பார்த்திருக்கணும். தாரை வார்க்கும்போது ஓமப் புகை மூஞ்சிக்கு நேரா வருது. எனக்கே கமறுது. இவ உக்காந்திருக்கா, ஒரு சத்தம் இல்ல. கண்ணு மட்டும் நல்லாச் செவந்திருந்துச்சு, மகளைப் பிரியிறாள்ல, அதான் அழுவுறான்னு எல்லாரும் நெனச்சாங்க. ரவிக்கை தொளதொளன்னு ஆகிப்போயி ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தி வச்சிருந்தா. சம்பந்தியம்மாவே கேட்டுச்சு, "என்ன சிந்தாமணி, மக கல்யாணத்துக்கு எளச்சுப் போயிட்டே"ன்னு. சிரிச்சா. ஒரு பயலுக்குத் தெரியல. நான் மேடையில பார்த்த எந்த நடிகையும் அப்படி நடிச்சது இல்ல சார், சத்தியமாச் சொல்றேன். அதை அவகிட்டயும் சொன்னேன். அவ பாட்டுக்கு ரவிக்கை ஊக்கைக் கழட்டிக்கிட்டு இருந்தா.

கல்யாணம் முடிஞ்சு எட்டாம் நாளு வாஷ்பேசின்ல ரத்தம். பீட்ரூட்டு இல்ல. மறுவீடு, ஆடி சீரு எல்லாம் இருக்கு, கொஞ்சம் பொறுன்னேன். நான் மண்டபத்துக்கு வேலைக்குப் போனதும் பஸ் ஏறித் தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. சொல்லாமக் கொள்ளாம. திரும்பி வந்து மாத்திரை அட்டைய மேசையில வச்சா. "அதேதாங்க. ஆறு மாசம் சாப்பிட்டா சரியாப் போயிருமாம். உங்களையும் செண்பகத்தையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க"ன்னா.

செண்பகத்துகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னேன். புதுசா வாழப் போன புள்ள. ரெண்டு நாள் கழிச்சு டிபி ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வீட்டு வாசலுக்கே வந்துட்டா. கையில ரிஜிஸ்தரு, சளி டப்பா. தெருவே பார்க்குது. "நீங்கதானே அந்தப் படத்துல நடிச்சவரு, உங்களுக்கு நான் புதுசாச் சொல்லணுமா ஐயா"ங்கிறா. சிரிச்சுக்கிட்டுச் சொல்றா. நான் அவளை என்ன சொல்லித் துரத்துனேங்கிறதை இந்தப் பஸ்ல பொம்பளைங்க இருக்காங்க, சொல்ல வேணாம்.

ஆனா சிந்தாமணிய நான் கைவிடல. அதைக் கேட்டுக்கங்க. பின்னால வெறகு போட்டு வைக்கிற கொட்டாய் ஒண்ணு இருக்கு. அதைச் சுத்தம் பண்ணி, கட்டில் போட்டு அவளுக்குக் கொடுத்தேன். காத்தோட்டமா இருக்கும்னுதான். அவளைப் பார்த்த டாக்டரே காத்தோட்டம் வேணும்னு சொல்லியிருக்காருல்ல. தட்டு, டம்ளரு எல்லாம் புதுசா வாங்குனேன். சாப்பாடு வாங்கியாந்து படிக்கட்டுல வச்சுட்டுக் குரல் கொடுப்பேன். ஒரு வேளை தவறுனது இல்ல. அந்த மாத்திரைக்கு மொத மாசம் குமட்டிக்கிட்டு எடுக்கும். ஒண்ணுக்குச் செவப்பாப் போவுதுன்னு பயந்து அழுதா, அது மாத்திரையோட நெறம்னு ஸ்கூட்டிக்காரப் பொண்ணு போன்ல சொல்லியிருக்கு. பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி செவரு ஏறிக் குதிக்காத குறையா வந்து தலையப் பிடிச்சுக்கிட்டுக் கஞ்சி ஊத்துச்சு. அந்தம்மாவுக்கு எல்லாம் ஒரு பகட்டு.

அந்த ரஹ்மத் பீவி போன்லதான் சிந்தாமணி மகளுக்குச் சொல்லிட்டா. செண்பகம் மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் வந்திருக்காங்க, ஒண்ணும் இல்லையாம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை தப்பாப் பேசல. "எங்க அத்தைக்கு வந்தா என்ன, யாருக்கு வேணா வரலாம்"னு சொல்றாரு. இதை மாசியில சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்? யாருக்குத் தெரியும் அவரு மனசு இப்படின்னு? செண்பகம் கொட்டாயப் பார்த்துச்சு. தட்டைப் பார்த்துச்சு. என்னைப் பார்க்கல. அம்மா துணிய ஒரு பையில எடுத்து வச்சு, கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அன்னையில இருந்து என்கூடப் பேசுறது இல்ல. அந்தக் கல்யாணத்தை நடத்தி வச்சவன் நான்.

ஆறு மாசத்துல சரியாயிட்டா. நல்லாச் சதை போட்டுட்டா. அதோட விட்டாளா? இப்ப இந்த டிபி ஆளுங்களோட சேர்ந்துக்கிட்டு ஊரு ஊரா கேம்ப்பு போறா. டிபி வந்து பொழச்சவ நான்னு மைக்குல பேசுறா. போஸ்டர்ல போட்டோ போட்டிருக்காங்க சார், பேரோட. நம்ம மூஞ்சியால குடும்பம் நாறிக் கெடக்குதேன்னு நான் மாஸ்க் போட்டுக்கிட்டு நிக்கிறேன், இவ தானாப் போயி மூஞ்சியக் காட்டுறா.

இன்னைக்குக் காலையில, நான் பஸ் ஏறுன ஊருல இவ பேசுற கூட்டத்துக்குத்தான் வந்தேன். எதுக்கு வந்தேன்னா, என்னைப் பத்தி என்ன சொல்றான்னு கேக்கணும். கொட்டாயச் சொல்லுவா, சிரப்பைச் சொல்லுவா, எச்சி முழுங்கச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுவா. சொல்லட்டும், கூட்டத்துலயே எந்திரிச்சு நாலு கேள்வி கேக்கணும்னு தயாராத்தான் போனேன். ரிப்போர்ட்டும் கையில. கடைசி வரிசைக்குப் பின்னால தூணோரமா நின்னேன், மாஸ்க்கு போட்டுக்கிட்டு.

மொதல்ல என் படத்தைப் போட்டாங்க. முழுப் படம். நாலு நிமிஷமும். சைக்கிள்ல நான் சிரிச்சுக்கிட்டுப் போறதை இன்னைக்குத்தான் சார் மொத மொதல்ல பார்க்கிறேன். நல்லாத்தான் பண்ணியிருக்கேன். யாரும் இருமல, சிரிக்கல.

அப்புறம் இவ மைக்கைப் பிடிச்சா. பச்சைக் கலர்ல கண்டாங்கி. தடுமாறல. இருமல் வந்ததைச் சொன்னா. காய்ச்சலைச் சொன்னா. ரத்தம் வந்ததைச் சொன்னா. தனியாப் பஸ் ஏறுனதைச் சொன்னா. குமட்டுனதை, ரஹ்மத் பீவி கஞ்சி ஊத்துனதை, மகளும் மருமகனும் வந்ததை எல்லாம் சொன்னா. நானும் இப்ப வரும், இப்ப வரும்னு நிக்கிறேன். வரல. முடிச்சுட்டா. கை தட்டுறாங்க.

மொத வரிசையில கைப்புள்ளையோட இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு, "அக்கா, உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"ன்னு கேட்டுச்சு. அது மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, அது வீட்டுல என்னமோ இருக்கு. நான் மாஸ்க்கைக் கழட்டிட்டேன். கழட்டிட்டு அவளையே பார்த்தேன். அவளும் பார்த்தா சார். கூட்டத்தைத் தாண்டி நேரா என் மூஞ்சியப் பார்த்தா. பார்த்துக்கிட்டேதான் சொன்னா.

"அவரு அப்ப ஊருல இல்லம்மா"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? திட்டியிருக்கலாம்ல? பாவி, படுபாவின்னு மைக்குல சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. இல்லன்னுட்டாளே. இதுக்கு என்னத்தைச் சொல்ல? அந்த மூணு மாசமும், கொட்டாயில இருந்த ரெண்டு மாசமும் நான் எங்க போனேன்? வெளியூரு நாடகம் கிடையாது, ஒரு நல்லது கெட்டதுக்குக்கூடப் போகல. யாரை வேணா கேளுங்க, ரஹ்மத் பீவியக் கேளுங்க, அந்த ஸ்கூட்டிக்காரப் பொண்ணைக் கேளுங்க.

நான் வீட்டுலதான் சார் இருந்தேன்.